பதினாறு கால் பூச்சியும் நாமும்



நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் 8085-இன் நாற்பது கால்களையும் வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் நம் வகுப்பில் பத்துப் பேராவது இருக்கிறோம். எக்ஸ்-1, எக்ஸ்-2, ரீசெட் அவுட், எஸ்.ஓ.டி., எஸ்.ஐ.டி., டிராப்... என்று வாய்ப்பாடு மாதிரி ஓடும். 8085-க்குப் பதில் 8051 என்று சிலபஸ் மாறினாலும் கதை அதேதான். படத்தைப் பார்த்து வரைவோம், பெயர் எழுதுவோம், மார்க் வாங்குவோம். ஆனால், "முகவரியும் டேட்டாவும் ஏன் ஒரே கால்கள் வழியாக வருகின்றன? இப்படி வைக்கலாம் என்று முதலில் யார் முடிவு செய்தது? எதற்காக?" என்று யாராவது கேட்டால் வகுப்பே ஃபேனை அண்ணாந்து பார்க்கும். பரீட்சையில் வராது என்பதால் கேட்கிறவரும் இல்லை.

மனப்பாடம் செய்வதை நான் குறை சொல்லவில்லை. கால் எது, கை எது என்று தெரியாமல் கிட்டில் ஒயர் சொருக முடியாது. என் ஆட்சேபணை வேறு. மைக்ரோபிராசஸரை ஏதோ வானத்திலிருந்து விழுந்த கல் மாதிரி படிக்கிறோம். அது அப்படியே இருந்தது, இருக்கிறது, நாம் அதன் கால்களை எண்ண வேண்டியதுதான் பாக்கி என்று நினைக்கிறோம். உண்மை என்னவென்றால், சில மனிதர்கள் நேரமும் பணமும் பத்தாமல், ஒருவருக்கொருவர் கோபித்துக்கொண்டு, காகிதத்தில் பென்சிலால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து செய்த பொருள் அது. இதைத் தெரிந்துகொண்டு படிக்கிறவனும் தெரியாமல் படிக்கிறவனும் ஒரே மார்க் வாங்கலாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆள் இல்லை என்பது என் கட்சி.

இதற்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது 4004. நாலாயிரத்து நாலு. 8085-க்கு அப்பா 8080, தாத்தா 8008 என்று வைத்துக்கொண்டால், அந்தத் தாத்தாவின் அண்ணன் இது. ஒரே வீட்டில் பிறந்தது, ஆனால் நேர் வம்சம் இல்லை. 1971-இல் இன்டெல் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூச்சி மாதிரி இருக்கும். மொத்தம் பதினாறே கால்கள்.

இன்டெல் என்றதும் பெரிய மாளிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் இருவரும் 1968-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி அது. 1969-இல் அதற்கு ஒரு வயது. அவர்களுக்குத் தெரிந்த தொழில் மெமரி சிப் செய்வது. அப்போது ஜப்பானிலிருந்து பிஸிகாம் என்ற கால்குலேட்டர் கம்பெனி வந்து, "எங்கள் கால்குலேட்டருக்கு வேண்டிய சிப்களைச் செய்து கொடுங்கள்" என்று கேட்டது. பிஸிகாம் சார்பில் வந்த இன்ஜினியர்களில் ஒருவர் மசதோஷி ஷிமா. இவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

பிஸிகாம் கொண்டுவந்த வரைபடத்தில் கீபோர்டுக்கு ஒரு சிப், டிஸ்பிளேக்கு ஒரு சிப், பிரிண்டருக்கு ஒரு சிப், கணக்குக்கு வேறு சிப் என்று வேலைக்கு ஒரு ஆளாக நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் சிக்கலானது. இத்தனையையும் செய்ய இன்டெலிடம் ஆளும் இல்லை, அவற்றுக்கு வேண்டிய கால்களை வைக்க மலிவான பேக்கேஜும் இல்லை. இன்டெலில் இருந்த டெட் ஹாஃப் இதைப் பார்த்துவிட்டு வேறு வழி சொன்னார். வேலைக்கு ஒரு ஆள் வேண்டாம். எந்த வேலை சொன்னாலும் செய்கிற ஒரே ஒரு ஆள் போதும். அவன் என்ன செய்ய வேண்டும் என்பதை ரோமில் எழுதி வைத்துவிடலாம். கால்குலேட்டர் மாடல் மாறினால் ரோமை மாற்றினால் போதும், ஆளை மாற்ற வேண்டாம். ஸ்டான் மேஸர் என்பவரும் சேர்ந்து, ஷிமாவோடு பேசிப் பேசி, இந்த யோசனையை நான்கு சிப்களாகச் சுருக்கினார்கள். ரோமில் புரோகிராம் வைக்கும் எண்ணம் பிஸிகாமின் பழைய வரைபடத்திலேயே ஒரு விதத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் புத்தகங்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன.

அந்த நான்கு சிப்கள்: 4001 என்பது 256 பைட் ரோம். 4002 என்பது 320 பிட் ரேம். 4003 பத்து பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர். 4004 தான் மூளை, அதாவது சி.பி.யு.

இப்போது டிசைனுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். "ஏன்?" என்ற கேள்விக்கு இங்கே ஒவ்வொரு இடத்திலும் பதில் கிடைக்கிறது.

ஏன் நாலு பிட்? கால்குலேட்டர் கணக்குப் போடுவது 0 முதல் 9 வரை உள்ள இலக்கங்களில். ஒரு இலக்கத்தை எழுத நாலு பிட் போதும். மூன்று பிட் பத்தாது, ஐந்து வீண். அவ்வளவுதான் விஷயம். நாலு பிட்டில் 15 வரை போகும் என்பதால், கூட்டின விடை 9-ஐத் தாண்டினால் அதைச் சரி செய்ய டி.ஏ.ஏ. என்று ஓர் இன்ஸ்ட்ரக்ஷன் வைத்தார்கள். ஆமாம், நாம் 8085-இல் "டெசிமல் அட்ஜஸ்ட் அக்குமுலேட்டர்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறோமே, அதேதான். 8051-இலும் இருக்கிறது. பி.சி.டி. கூட்டல் புரோகிராமில் ஆறைக் கூட்ட வேண்டும் என்று படித்தபோது, இது எதற்கு என்றே எனக்குப் பிடிபடவில்லை. கால்குலேட்டர் விற்கிற கம்பெனி வாடிக்கையாளராக வந்ததை நினைத்துப் பார்த்தால் உடனே புரிகிறது.

ஏன் பதினாறு கால்? இன்டெல் அப்போது தன் மெமரி சிப்களுக்குப் பயன்படுத்தி வந்தது பதினாறு கால் பேக்கேஜ். அதற்கு மேல் போக மேலிடத்துக்கு மனசு வரவில்லை. என்னைக் கேட்டால் இது சுத்தக் கஞ்சத்தனம். ஆனால் அந்தக் கஞ்சத்தனத்துக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் பாருங்கள். மின்சாரத்துக்கு இரண்டு கால். கடிகாரத் துடிப்புக்கு இரண்டு. சிங்க் ஒன்று, ரீசெட் ஒன்று, டெஸ்ட் ஒன்று. ரோமைத் தேர்ந்தெடுக்க ஒன்று, ரேமைத் தேர்ந்தெடுக்க நான்கு. ஆக பன்னிரண்டு போய்விட்டது. மிச்சம் நாலே நாலு. அந்த நாலில்தான் முகவரி, இன்ஸ்ட்ரக்ஷன், டேட்டா எல்லாம் போய்வர வேண்டும்!

முகவரி பன்னிரண்டு பிட். நாலு கால் வழியாக அதை ஒரே தடவையில் அனுப்ப முடியாது. எனவே மூன்று துடிப்பில் நாலு நாலாக வெளியே அனுப்புகிறது. ரோமிலிருந்து வரும் எட்டு பிட் இன்ஸ்ட்ரக்ஷன் அடுத்த இரண்டு துடிப்பில் நாலு நாலாக உள்ளே வருகிறது. அதைச் செய்து முடிக்க இன்னும் மூன்று துடிப்பு. ஆக மொத்தம் எட்டு. கடிகாரம் அதிகபட்சம் 740 கிலோஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் ஒரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு ஏறக்குறைய 10.8 மைக்ரோ செகண்ட் ஆகிறது. எட்டு இலக்க எண்கள் இரண்டைக் கூட்ட சுமார் 850 மைக்ரோ செகண்ட். இன்றைய கணக்குக்கு இது மாட்டு வண்டி. ஆனால் கீபோர்டில் விரலால் தட்டுகிற மனிதனுக்கு முன்னால் அது மின்னல்தானே? கால்குலேட்டருக்கு அது தாராளம்.

நாலு கால் வழியாகத் துண்டு துண்டாக வருகிற முகவரியை யாராவது பிடித்துச் சேர்த்து வைக்க வேண்டும். அந்த வேலையை 4001 ரோமும் 4002 ரேமும் தாங்களே செய்துகொள்கின்றன. அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண மெமரியை 4004-உடன் நேரடியாகச் சேர்க்க முடியாது. நம் 8085 கிட்டில் ஏ.எல்.இ. சிக்னலை வைத்து 74373 லாட்ச்சில் முகவரியைப் பிடித்து வைக்கிறோமே, அது இதே பிரச்சினைக்கு வேறொரு தீர்வு. கால் பத்தவில்லை, ஒரே கம்பியில் இரண்டு சேதியையும் நேரம் பிரித்து அனுப்பு. பஸ் ஸ்டாண்டில் ஒரே பிளாட்ஃபாரத்தில் காலையில் திருச்சி வண்டியும் மாலையில் மதுரை வண்டியும் நிற்பது போல. பலகை பார்த்துதான் ஏற வேண்டும். ஏ.எல்.இ. என்பது அந்தப் பலகை. இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் படத்தை நாம் மனப்பாடம் செய்திருக்கவே வேண்டாம்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினாறு ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் நாலு பிட். 46 இன்ஸ்ட்ரக்ஷன்கள். சப்ரொட்டீன் மூன்று அடுக்கு வரை போகலாம், அதற்கு மேல் போனால் திரும்பி வர வழி மறந்துவிடும். இன்டரப்ட் கிடையவே கிடையாது. அது 1974-இல் வந்த 4040-இல்தான் வந்தது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய 2,300. 2020-இல் வந்த ஆப்பிள் எம்1 சிப்பில் 1,600 கோடி என்கிறார்கள். அந்த எண்ணை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. ஆனால் 2,300 எனக்குப் புரிகிற எண். எங்கள் ஊர் வாக்காளர் பட்டியல் அவ்வளவுதான் இருக்கும். ஒரே ஆள் முனைந்தால் எல்லார் பெயரும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். 4004-ஐத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். முழுசாக ஒரு மனிதத் தலைக்குள் அடங்குகிற சிப் அது.

சரி, யார் தலைக்குள் அடங்கியது?

ஹாஃப் யோசனை சொன்னார், மேஸர் கூட இருந்தார். ஆனால் இருவரும் சிலிக்கனில் சிப்பை வரைகிறவர்கள் இல்லை. அதற்கு ஆள் இல்லாமல் பல மாதம் வேலை அப்படியே கிடந்தது. 1970 ஏப்ரலில் ஃபெடரிகோ ஃபாஜின் என்ற இத்தாலிக்காரர் ஃபேர்சைல்டு கம்பெனியிலிருந்து இன்டெலுக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த சில நாளிலேயே ஜப்பானிலிருந்து ஷிமாவும் வந்து இறங்கினார். வேலை பாதியாவது முடிந்திருக்கும், சரிபார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். வந்து பார்த்தால் சரிபார்க்க ஒன்றுமே இல்லை. கடுங்கோபம். அந்தக் கோபத்துக்கு ஆளானவர் அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்த ஃபாஜின்! நியாயமாகப் பார்த்தால் அவருக்கும் அந்தத் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வந்த ஷிமா மாதக்கணக்கில் அங்கேயே தங்கி லாஜிக் டிசைனில் கைகொடுத்தார். இந்த ஷிமா கல்லூரியில் படித்தது வேதியியல் என்பதையும் நம் கெமிக்கல் பிரிவு நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அந்தக் காலத்தில் சிப் வரைவது என்றால் கம்ப்யூட்டர் திரையில் வரைவதில்லை. பெரிய மேசையில் காகிதம் விரித்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் கையால் வரைய வேண்டும். பிறகு ரூபிலித் என்ற சிவப்பு ஃபிலிமில், சின்னக் கத்தியால் கோடு கோடாக வெட்டி, வேண்டாத இடத்தை உரித்து எடுக்க வேண்டும். பல நூறு மடங்கு பெரிதாக வெட்டிய இந்தப் படத்தைப் போட்டோ எடுத்துச் சுருக்கினால்தான் மாஸ்க். இந்த வேலையைச் செய்தவர்கள் வரைவாளர்கள், ஆண்களும் பெண்களும். முதலாம் ஆண்டில் நாமும் இன்ஜினியரிங் டிராயிங் படித்தோம். மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, "எலெக்ட்ரானிக்ஸ்காரனுக்கு எதுக்கு இது" என்று புலம்பாதவர் யார்? உலகப் புகழ்பெற்ற சிப் அந்தக் கையெழுத்தில்தான் பிறந்தது.

1970 டிசம்பர் கடைசியில் முதல் 4004 வேஃபர்கள் வந்தன. ஒன்றுகூட வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்தால் தயாரிப்பில் ஒரு லேயரையே போடாமல் விட்டிருந்தார்கள். வரைந்ததில் தவறில்லை. 1971 ஜனவரியில் இரண்டாம் தடவை வந்த வேஃபரை ஃபாஜின் ராத்திரியில் லேபில் தனியாக உட்கார்ந்து சோதித்தார். சிப் வேலை செய்தது. மார்ச்சில் பிஸிகாமுக்கு சிப்கள் போய்ச் சேர்ந்தன. 141-பி.எஃப். என்ற கால்குலேட்டரில் ஏறின.

இங்கே இன்னொரு சிக்கல். ஒப்பந்தப்படி இந்த சிப்கள் பிஸிகாமுக்கு மட்டுமே. வேறு யாருக்கும் விற்கக் கூடாது. "இது கால்குலேட்டருக்கு மட்டும்தான் ஆகும், வேறெதற்கு?" என்று நினைத்தவர்கள் இன்டெலுக்குள்ளேயே இருந்தார்கள். ஃபாஜின் என்ன செய்தார் தெரியுமா? 4004 சிப்களைச் சோதிக்கும் கருவியையே ஒரு 4004-ஐ வைத்துச் செய்து காட்டினார். வாதத்தைவிட வேலை பேசும். அப்போது கால்குலேட்டர் விலை சரிந்து பிஸிகாம் திண்டாடியது. விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டது. குறைக்கிறோம், பதிலுக்கு கால்குலேட்டர் அல்லாத வேலைகளுக்கு மற்றவர்களிடம் விற்கும் உரிமையைக் கொடுங்கள் என்றது இன்டெல். பிஸிகாமும் கொடுத்துவிட்டது. 1971 நவம்பர் 15 தேதியிட்ட எலெக்ட்ரானிக் நியூஸ் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. பிஸிகாம் 1974-இல் மூழ்கிப்போனது. உரிமையை விட்டுக்கொடுத்தவன் கதை எப்போதும் இப்படித்தான்.

"முதல் மைக்ரோபிராசஸர்" என்ற பட்டத்துக்கு வேறு போட்டியாளர்களும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 விமானத்துக்காக ரே ஹோல்ட் என்பவரின் குழு 1970-இலேயே ஒரு சிப் தொகுதியைச் செய்திருந்தது. ராணுவ ரகசியம் என்பதால் 1998 வரை வெளியே சொல்ல முடியவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. யார் முதல் என்பதைவிட, செய்தவன் பெயர் எங்கே போனது என்பதுதான் எனக்கு உறுத்துகிற விஷயம்.

ஃபாஜின் 1974 கடைசியில் இன்டெலை விட்டு வெளியேறி ஸைலாக் கம்பெனியைத் தொடங்கினார். 8080-ஐ வரைந்த ஷிமாவும் பிறகு அங்கே போனார். ஸெட்-80 அங்கே பிறந்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் இன்டெல் சொன்ன 4004 கதையில் ஹாஃப் இருந்தார், ஃபாஜின் இல்லை. யோசனை சொன்னவர் நின்றார், அதைச் சிலிக்கனில் நிறைவேற்றியவர் காணாமல் போனார். அவர் மனைவி எல்வியா பல வருடம் போராடித்தான் இந்த விஷயம் வெளியே வந்தது. 1997-இல் ஜப்பானின் கியோட்டோ பரிசு ஃபாஜின், ஹாஃப், மேஸர், ஷிமா நால்வருக்கும் கொடுக்கப்பட்டது. ஆனால் 2010-இல் அமெரிக்க ஜனாதிபதி கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வாங்கியவர்கள் மூன்று பேர். ஷிமா பெயர் அதில் இல்லை. ரூபிலித்தைக் கத்தியால் வெட்டியவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆனால் ஃபாஜின் விவரமான ஆள். சிப்பின் ஓரத்தில், உலோக லேயரிலேயே, எஃப்.எஃப். என்று தன் இனிஷியலை வரைந்து வைத்துவிட்டார். யார் எந்தப் புத்தகத்தில் என்ன எழுதினாலும், மூடியைத் திறந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்த இரண்டு எழுத்து இருக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். ஒரு கட்டிடம் முடிந்தால் வாசலில் கல் வைப்பார்கள். அதில் திறந்தவர் பெயர் இருக்கும், தலைமை தாங்கியவர் பெயர் இருக்கும், சில சமயம் கான்ட்ராக்டர் பெயர்கூட இருக்கும். தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்பினவன் பெயர் இருக்காது. அப்பா பேசாமல், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கரண்டி முனையால் வருடத்தையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் கீறிவிட்டு வருவார். எங்கள் ஊரிலும் பக்கத்து டவுனிலும் அந்த மாதிரி பல தொட்டிகள் இருக்கின்றன. "யாருப்பா அங்க ஏறிப் பாக்கப் போறா?" என்று கேட்டேன். "தொட்டி ஒழுகுச்சுன்னா பாப்பான்ல" என்றார்.

ஃபாஜினைப் பற்றி இன்னொரு சேதி. இது நமக்கென்றே வைத்திருந்தது. அவர் பிறந்தது இத்தாலியில் விசென்ஸா நகரத்தில், 1941 டிசம்பரில். முதலில் படித்தது அங்கே ஒரு தொழில்நுட்பப் பள்ளியில், ரேடியோ பிரிவில். நம்ம பாலிடெக்னிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதை முடித்துக்கொண்டு நேராக ஒலிவெட்டி கம்பெனியில் வேலைக்குப் போனார். அங்கே பத்தொன்பதாவது வயதில், கீழே சில டெக்னீஷியன்களை வைத்துக்கொண்டு, ஒரு சிறிய சோதனைக் கம்ப்யூட்டரையே வடிவமைத்துக் கட்டி முடித்தார். பத்தொன்பது! எனக்கு இப்போது பதினெட்டு.

கதையை ஒரேயடியாக இனிப்பாக்க நான் விரும்பவில்லை. அவர் அப்பா படித்த மனிதர், தத்துவம் போதித்த ஆசிரியர். வீடு நிறையப் புத்தகம் இருந்திருக்கும். என் வீட்டில் இருப்பது ரேஷன் கார்டும் காலண்டரும் என் நோட்டுகளும்தான். ஃபாஜினும் அதோடு நின்றுவிடவில்லை. வேலையை விட்டுவிட்டு பதுவா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 1965-இல் பட்டம் வாங்கினார். டிப்ளமோ போதும், மேலே படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. லேட்டரல் என்ட்ரி கிடைத்தால் நானும் போவேன். நான் சொல்வது வேறு.

போன வருடம் ஒரு தொழிற்சாலைக்கு நம்மை அழைத்துப் போனார்கள். சுற்றிக் காட்டியவர் ஒரு கண்ணாடி அறைக்கு வெளியே நிறுத்தி, "இங்க டிசைன் நடக்குது. இது உங்களுக்கு வேண்டாம், நீங்க டிப்ளமோ. மெயின்டனன்ஸ் பக்கம் வாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாமும் சிரித்துக்கொண்டே நகர்ந்தோம். மெயின்டனன்ஸ் கேவலமான வேலை இல்லை. ஆனால் கண்ணாடிக்கு உள்ளே நடப்பது நமக்குப் புரியவே புரியாத ஏதோ மந்திரம் என்று நாமே நம்பிவிட்டோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த நம்பிக்கை அவர் சொல்லி வந்ததல்ல. பின் டயகிராமை மட்டும் படித்து, அதற்குப் பின்னால் இருந்த பேப்பரையும் பென்சிலையும் கத்தியையும் பார்க்காததால் வந்தது.

"இதெல்லாம் சிலபஸில் இல்லையே, நேரம் எங்கே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆசிரியர்களையும் குற்றம் சொல்ல முடியாது. செமஸ்டர் ஓடுகிற ஓட்டத்தில் யூனிட்டுகளை முடிப்பதே பெரும்பாடு. ஆனால் 4004 கதைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே ஒரு பீரியட். அந்த ஒரு பீரியடில் மல்டிபிளெக்ஸ் செய்வது எதற்கு, டி.ஏ.ஏ. எதற்கு, ஃபெட்ச், எக்ஸிக்யூட் என்று பிரிப்பது எதற்கு என்று மூன்று பத்து மார்க் கேள்விகளுக்கு விடை அடங்கிவிடுகிறது. நஷ்டக் கணக்கு இல்லை.

இதற்கு நம் பேரவை ஒரு காரியம் செய்யலாம். 4004 வெளிவந்து 35 வருடம் ஆனதையொட்டி 2006-இல் இன்டெல் அதன் சர்க்யூட் படத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டது. 2,300 டிரான்சிஸ்டர்களும் அதில் இருக்கின்றன, ஒன்றுகூட ரகசியம் இல்லை. ஆண்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிறோம். அதில் யார் யார் போட்டோ எவ்வளவு பெரிதாகப் போடுவது என்று மீட்டிங் போட்டுச் சண்டையும் போடுகிறோம். இந்த வருடம் ஒரு ஃபிளெக்ஸைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் 4004-இன் படத்தைப் பெரிதாக அச்சடித்து மைக்ரோபிராசஸர் லேபில் மாட்டலாம். கீழே நான்கு பேர் பெயரும் இருக்கட்டும், ஷிமாவையும் சேர்த்து. கத்தி பிடித்து வெட்டிய வரைவாளர்களுக்கும் ஒரு வரி இருக்கட்டும். பிராக்டிகலில் கிட் ஹேங் ஆகிவிட்டு லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வரும்வரை சும்மா நிற்கிறோமே, அந்த நேரத்தில் ஒருத்தன் அதில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தால் போதும்.

லேப் இன்சார்ஜ் சாரிடம் கேட்டுவிட்டேன், அவருக்கு ஆட்சேபணை இல்லை. கிட்டுகள் இருக்கும் மேசைக்கு எதிர்ச் சுவரில், சுவிட்ச் போர்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஆறடிக்கு நாலடி இடம் காலியாக இருக்கிறது. டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு